வராத தட்டு

காலை 7.49.

பாதைக் கூலிகளை மேய்க்கும் மண்டோர் காளியப்பனின் காக்கித் தொப்பி மட்டும்தான் சேதமில்லாமல் கிடைத்தது. மற்றதைச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள்.

1930ஆம் ஆண்டு பிப்ரவரி பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஜொகூரில் லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்குத் தெற்கே ஒரு குன்றைப் பிளந்து பாதை போட்டிருக்கிறார்கள். ஒரு மைல் நீளம், இருபுறமும் செம்மண் சுவர், நடுவில் வளைவு. உள்ளே நுழைந்துவிட்டால் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது, ஒதுங்கவும் இடமில்லை. பாதைக் கூலிகள் அதை ‘வெட்டு’ என்பார்கள். அந்த வெட்டுக்குள், தள்ளுவண்டியில் சட்டமாக உட்கார்ந்து வந்த மண்டோர்மீது ஜொகூர் பாருவிலிருந்து வந்த சரக்கு வண்டி ஏறிவிட்டது. பின்னாலிருந்து தள்ளிய லெட்சுமணன் மண்சுவரைத் தொற்றிக்கொண்டு தப்பித்தான். மண்டோருக்கு ஒரு கால் ஊனம். எழுந்திருக்கக்கூட நேரமில்லை.

செய்தி கேட்டு முதலில் ஓடிவந்தவர் நிலையத்தின் தந்தி குமாஸ்தா, ஊர்ப் பேச்சில் கிராணி, ஐயாத்துரை. யாழ்ப்பாணத்துக்காரர், வயது ஐம்பத்திரண்டு, தினமும் வெளுத்த வெள்ளை டிரில் கால்சட்டை. முப்பது வருடமாகத் தந்திக் கருவியின் டக்கு டக்கு ஓசையைக் கேட்டுக் கேட்டு, கதவைத் தட்டுகிறவனின் குணத்தைக்கூடச் சொல்லிவிடுகிற காது அவருக்கு.

சாக்கைச் சுற்றி முப்பது கூலிகள் நின்றார்கள். ஒருவர் கண்ணிலும் ஈரமில்லை. காளியப்பனுக்காக அழ ஆள் வேண்டுமென்றால் ஆயர் ஈத்தாம்வரை போய்த் தேட வேண்டும். அங்கேயும் கூலி கொடுத்தால்தான் அழுவார்கள்.

காலை 9.30.

குளுவாங்கிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் ஜெயபாலன் வந்து இறங்கினார். இளைஞர், சுறுசுறுப்பு, சட்டென்று முடிவுக்கு வந்துவிடும் கெட்டிக்காரர்.

“எதிர்ல வண்டி வருதான்னு தெரியாம வெட்டுக்குள்ள எப்படிப் போனீங்க?” என்று லெட்சுமணனைக் கேட்டார்.

“தட்டு கேட்டுத்தாங்க போனோம்.”

“என்ன தட்டு?”

ஐயாத்துரைதான் விளக்கினார். வெட்டுக்குத் தெற்கே அரை மைலில் ஒரு ரயில் கேட். வண்டி வருகிறது என்று நிலையத்திலிருந்து கம்பி வழியாக மணி அடித்தால், கேட்காரி சுத்தியலால் கிழக்குத் தண்டவாளத்தைத் தட்டுவாள். இரும்பு அந்த ஓசையை ஒன்றரை மைல் கொண்டுபோகும். வெட்டின் வடக்கு வாயிலில் இருப்பவன் தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்பான். படபடவென்று தட்டினால் வண்டி வருகிறது, நுழையாதே. நிதானமாக மூன்று தட்டினால் பாதை சும்மா இருக்கிறது, வா.

“இது ரயில்வே சட்டத்துல இருக்கா?”

“இல்லை சார். கூலியள் தாங்களாக உண்டாக்கின பாஷை. மண்டோர் வாறார், கவனமாக இருங்கோ எண்டு ஒருத்தருக்கொருத்தர் சொல்ல உண்டாக்கினது. மண்டோர் கூலியளைப் பிரம்பால அடிச்சுக் கேட்டு அதைப் படிச்சுக்கொண்டார். பிறகு வண்டி வருதோ எண்டு அறியத் தானே பாவிக்கத் தொடங்கிட்டார். நிலையத்தில அறிவிச்சுப்போட்டுப் போனால் கூலியளுக்குச் செய்தி போயிடும் எண்டு, ஒவ்வொரு செவ்வாயும் சொல்லாமல் கொள்ளாமல் போய், தென்பக்கத்தில வேலை செய்யாமல் இருக்கிற ஆக்களைப் பிடிக்கிறவர்.”

“இன்னிக்கு எத்தனை தட்டு கேட்டுச்சு?” ஜெயபாலன் லெட்சுமணனிடம் திரும்பினார்.

“மூணுங்க. நிதானமா மூணு. நான் காதை வச்சுக் கேட்டேன். மண்டோர் என்னை நம்பமாட்டாரு. கடப்பாரையைத் தண்டவாளத்துல ஊனி, மறு நுனியைக் காதுல வச்சு அவரும் கேட்டாரு. ‘தள்ளுடா’ன்னாரு. தள்ளினேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“ஒண்ணுமே கேக்கலைங்க.”

ஜெயபாலன் நோட்டுப் புத்தகத்தை மூடினார். “அப்ப விஷயம் கேட்ல இருக்கு. வாங்க போலாம்.”

காலை 10.15.

வெட்டைக் கடந்து கேட்டை நோக்கி நடந்தார்கள். வழியில் ஐயாத்துரையின் சப்பாத்துக்குள் கல் புகுந்தது. தண்டவாளத்தின்மீது உட்கார்ந்து உதறிவிட்டு எழுந்தார். ஜெயபாலன் சிரித்தார்.

“கிராணியாரே, உங்க வெள்ளைக் கால்சட்டை போச்சு.”

முழங்காலுக்குப் பின்னால் கையகலத்துக்குக் கறுப்பு. தட்டிப் பார்த்தார், போகவில்லை. வீட்டில் மனைவி கனகம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையோடு நடந்தார்.

கேட்காரி வெள்ளையம்மா முப்பது வயது விதவை. கைகட்டி நிற்கவில்லை. நிமிர்ந்து நின்றாள்.

“மணி எப்ப அடிச்சுது?” என்றார் ஜெயபாலன்.

“ஏழு முப்பத்தொண்டு. அடிச்சது நான்,” என்றார் ஐயாத்துரை. “பதில் மணி உடனே வந்தது.”

“நீ என்ன தட்டினே?”

“வண்டி வருதுன்னு படபடன்னுதாங்க தட்டினேன்.”

“பொய். மூணு தட்டியிருக்கே. ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. செத்தவன் உனக்கு யாரு?”

வெள்ளையம்மா சாக்கு மூடிய திசையைப் பார்த்தாள். “என் புருசனைக் கொன்னவன்.”

அது ஊரறிந்த கதை. போன வருடம் மாசியில், வெட்டுக்குள் சரிந்த மண்ணைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த அங்கம்மா என்ற பெண் வண்டியில் அடிபட்டுச் செத்தாள். கேட்டில் அப்போது வெள்ளையம்மாவின் புருசன். தட்டினேன் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தான். தட்டு வரவேயில்லை என்றார் காளியப்பன். மண்டோர் சொல் அம்பலம் ஏறியது. வேலை போன மனிதன் கள்ளுக்கடையே கதியென்று கிடந்து ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்தான். பாதிச் சம்பளத்துக்கு அதே கேட்டைப் பொண்டாட்டிக்குக் கொடுத்தார்கள். ‘தட்டு வரவில்லை’ என்ற அந்த வாக்குமூலத்தை முத்து முத்தான இங்கிலீஷில் எழுதியது ஐயாத்துரையின் கைதான். இப்போது அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“நான் அவனைக் கொல்லணும்னு நெனைக்காத நாளில்ல,” என்றாள் வெள்ளையம்மா. “ஆனா கொல்லலை. சாமி கொடுத்த சாவுன்னு காலையில சந்தோசப்பட்டேன். அதுக்குத் தண்டனைன்னா குடுங்க.”

ஐயாத்துரை மெதுவாகக் கேட்டார். “பிள்ளை, தட்டேக்க வித்தியாசமா ஏதும் இருந்ததோ?”

அவள் யோசித்தாள். “எப்பவும் தட்டினா தண்டவாளம் கொஞ்ச நேரம் பாடுங்க. இன்னிக்கி சட்டுனு அடங்கிருச்சு. சரியாத் தட்டலையோன்னு நெனைச்சு, நிறுத்திட்டு மறுபடி அஞ்சு தட்டினேன்.”

“சுத்தியல்காரி சங்கீதம் பேசுறா,” என்றார் ஜெயபாலன். “நாலு பத்து வண்டியில ஜொகூர் பாரு. துணிமணி எடுத்துக்கம்மா. கொலைக் குற்றம், தெரியுமில்ல? தூக்கு.”

அப்போதுதான் கீமேன் வீரமுத்து வந்தான். கீமேன் என்றால், தினமும் விடியுமுன் தனியாகப் பாதையில் நடந்து, கழன்ற ஆணியை அடித்து, தளர்ந்த போல்ட்டை முடுக்குகிறவன். தோளில் சுத்தியல், முடுக்கி, ஒரு கித்தான் பை. போன வருடம் செத்த அங்கம்மாவின் புருசன் அவன்தான். அன்றிலிருந்து அவன் பேசி யாரும் கேட்டதில்லை. இன்று தானாக வாயைத் திறந்தான்.

“அந்தப் பொம்பளையை விட்டுருங்க சார். அது வண்டித் தட்டுதான் தட்டுச்சு. நான் கேட்டேன்.”

“எங்கிருந்து?”

“ஸ்டேசனுக்குப் பக்கத்துல, முதல் மைல்ல இருந்தேன். தண்டவாளத்துல காதை வச்சிருந்தேன். படபடன்னு கேட்டுச்சு. நின்னுச்சு. அப்புறம் அஞ்சு. மண்டோருதான் திமிரெடுத்து உள்ள போயிருக்காரு.”

“அப்ப லெட்சுமணன் பொய் சொல்றானா?”

“பயந்தவன். என்னத்தைக் கேட்டானோ.”

ஜெயபாலன் உதட்டைப் பிதுக்கினார். பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன் அதே மண்டோரை வெறுத்த விதவைக்காகச் சொல்லும் சாட்சி எந்தக் கோர்ட்டில் செல்லும்?

பகல் 12.30.

“இதென்ன கோலம்!” கனகம்மா கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மூண்டு தரம் சவுக்காரம் போட்டிட்டன். உது மண்ணில்லை, எண்ணெய். வண்டிக்குக் கீழ போய்ப் படுத்தனீங்களோ?”

“தண்டவாளத்தில இருந்தனான்.”

“தண்டவாளத்தில இருந்தால் துரு ஒட்டும், சிவப்பாக. உது கறுப்பெண்ணெய். எனக்குக் கதை விடாதையுங்கோ.”

ஐயாத்துரை பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். “கனகம், நீ கிராணி வேலைக்கு வந்திருக்க வேணும்.”

“சோறு?”

“நாலு பத்துக்குப் பிறகு.”

பகல் 1.20.

நண்பகல் வெயில் மண்டையைப் பிளந்தது. ஐயாத்துரை குனிந்தபடியே வெட்டிலிருந்து கேட் வரைக்கும் நடந்தார். இரண்டு தண்டவாளம் சேருமிடத்தில் இருபுறமும் இரும்புத் தகடு வைத்து நான்கு போல்ட்டு முடுக்கியிருப்பார்கள். அதற்குப் பெயர் மூட்டு. மூன்று மாத மழையில் நனைந்த மூட்டுகள் எல்லாம் செங்கல் நிறத்தில் துருப்பிடித்துக் கிடந்தன. ஒன்றைத் தவிர. வெட்டின் தெற்கு வாயிலைத் தாண்டி, ரப்பர்க் காடு மறைக்கிற வளைவில், கிழக்குத் தண்டவாளத்தில் ஒரு மூட்டு கறுத்து, எண்ணெயில் மினுங்கியது. அசைத்துப் பார்த்தார். போல்ட்டு நான்கும் மலை மாதிரி நின்றன.

கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் லெட்சுமணனைக் கேட்டார்.

“மூட்டுக்கு எண்ணெய் எப்ப போடுவியள்?”

“மாசி பொறந்துதான்யா. எண்ணெய்த் தகரம் இன்னும் மண்டோரோட பூட்டுக்குள்ள இருக்கு.”

“வேற ஆரிட்டை எண்ணெய் இருக்கும்?”

“கீமேன் பையில ஒரு சீசா இருக்கும். எதைக் கழட்டி மாட்டினாலும் அவருதான் போடுவாரு.”

ஐயாத்துரை தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். சந்தோசமாக இல்லை. ஒரு கழுத்தைக் கயிற்றிலிருந்து எடுத்தால் இன்னொரு கழுத்தை நுழைக்க வேண்டும்.

பிற்பகல் 3.10.

வளைவு மூட்டருகே ஜெயபாலன், வீரமுத்து, இரண்டு போலீஸ்காரர்கள். லெட்சுமணனை வெட்டின் வடக்கு வாயிலுக்கு அனுப்பியிருந்தார் ஐயாத்துரை. தட்டுக் கேட்டால் கேட்ட எண்ணிக்கையோடு ஓடிவர வேண்டும் என்று ஏற்பாடு. கேட்டில் வெள்ளையம்மா சுத்தியலோடு நின்றாள். அடுத்த வண்டி நான்கு பத்துக்குத்தான்.

“என்ன வேடிக்கை இது?” என்றார் ஜெயபாலன்.

“அரை மணித்தியாலம் தாருங்கோ சார். வீரமுத்து, இந்த மூட்டைக் கழட்டு.”

வீரமுத்து ஐயாத்துரையைப் பார்த்தான். ஐயாத்துரை கண்ணை விலக்கவில்லை. வீரமுத்து முடுக்கியை எடுத்தான். நான்கு போல்ட்டு, இரண்டு தகடு. ஐந்து நிமிடத்தில் கழன்று வந்தன. தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி தெரிந்தது.

வளைவின் முனையில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்து ஐயாத்துரை கைக்குட்டையை ஆட்டினார்; அவர் கேட்டைப் பார்த்துக் கையசைத்தார். கேட்டிலிருந்து படபடவென்று தட்டு காற்றில் லேசாகக் கேட்டது. கால் மணி நேரம் காத்திருந்தார்கள். வடக்கே யாரும் ஓடிவரவில்லை.

“மூட்டு உடைஞ்சால் தட்டு உடைஞ்சுது,” என்றார் ஐயாத்துரை. “காற்றில இவ்வளவு தூரம் வரும். ஒண்டரை மைல் போக இரும்பு வேணும். வெள்ளையம்மா காலமை தட்டினது உண்மை. அது இந்த இடத்தில செத்துப் போச்சுது. தண்டவாளம் பாடேல்லை எண்டு அவள் சொன்னது சங்கீதமில்லை சார், சாட்சி. பிறகு, இடைவெளிக்கு வடக்கால நிண்ட ஒருத்தன் நிதானமா மூண்டு தட்டினான். அது மண்டோரின்ரை காதுக்குப் போச்சுது. வண்டி வாறதுக்குள்ள பத்து நிமிசத்தில மூட்டைப் பூட்டிட்டுப் போயிட்டான்.”

ஜெயபாலன் மூட்டருகே குனிந்து உட்கார்ந்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை. “யாரு?”

“முதல்ல இதைப் பூட்டட்டும். நாலு பத்து வண்டியில சனம் வரும். பூட்டு, வீரமுத்து.”

வீரமுத்து தகடுகளை வைத்தான். போல்ட்டுகளைச் செருகினான். ஒவ்வொன்றையும் முடுக்கி, சுத்தியலால் தட்டி, காதால் சரிபார்த்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, கை தானாகக் கித்தான் பைக்குள் போனது. சீசா வெளியே வந்தது. கறுப்பெண்ணெயை மூட்டின் இருபுறமும் ஊற்றி, கந்தலால் தேய்த்தான். பாதி தேய்த்தவன் நிறுத்தினான். சீசாவைப் பார்த்தான். ஐயாத்துரையின் கால்சட்டையைப் பார்த்தான். அவர் அந்தக் கறைபட்டதையே மறுபடி உடுத்தி வந்திருந்தார்.

“அவசரத்தில கொலை செய்யிறவன் எண்ணெய் போடமாட்டான்,” என்றார் ஐயாத்துரை. குரல் தாழ்ந்திருந்தது. “நீ போட்டாய்.”

“எண்ணெயை வச்சு மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது,” என்றார் ஜெயபாலன்.

“இல்லை சார். இவரின்ரை இரக்கம் இவரைப் பிடிச்சுக் குடுத்தது. படபடவெண்டு தட்டி, நிறுத்தி, பிறகு அஞ்சு எண்டு சொன்னார். அது உண்மை. ஆனால் முதல் மைலில இருந்து கேட்டனெண்டார். அதைவிடக் கிட்டக் காதை வச்சிருந்த லெட்சுமணனுக்குக் கேக்கேல்லை, கடப்பாரை வச்சிருந்த மண்டோருக்குக் கேக்கேல்லை. இந்த இடைவெளிக்கு வடக்கால அந்தத் தட்டைக் கேக்க ஒருத்தராலையும் ஏலாது. கேட்டவர் இதிலதான் நிண்டிருக்க வேணும். அவளைக் காப்பாத்த ஒரு உண்மையைச் சொல்லித் தன்னை மாட்டிவிட்டார்.”

ரப்பர்க் காட்டில் ஒரு காய் வெடித்துச் சிதறியது. வீரமுத்து கந்தலை மடித்துப் பையில் வைத்தான். ஒரு வருடமாகப் பூட்டி வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது.

“கள்ளுக்கடையில மண்டோரு வாயாலயே கேட்டேன் சார். போதையில சிரிச்சுக்கிட்டே சொன்னான். ‘அன்னிக்கித் தட்டு வந்துச்சுடா. ரெண்டு கூடை மண்ணு மிச்சம் இருந்துச்சு. அள்ளிட்டுப் போகட்டும்னு விட்டேன்.’ ரெண்டு கூடை மண்ணு. என் பொண்டாட்டிக்கு அவன் போட்ட வெலை அதான்.”

ஜெயபாலன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

“தட்டு வரலைன்னு சொன்னான்ல? நெசமாவே வராத தட்டு எப்படி இருக்கும்னு அவனுக்குக் காட்டணும்னு நெனைச்சேன். அரிவாளால வெட்டியிருக்கலாம். அது போதாது. ஏழு செவ்வாய்க்கிழமை இங்க உட்கார்ந்தேன். கழட்டுவேன். சரக்கு வண்டி பிந்தி வரும், இல்லைன்னா அவன் பிந்திடுவான். மறுபடி மாட்டுவேன். எட்டாவது செவ்வாயில ரெண்டும் சேர்ந்து வந்துச்சு. அவன் கடப்பாரை ஊனுற சத்தம் இரும்புல கேட்டுச்சு. மூணு தட்டு தட்டினேன். நல்லாக் கேக்கட்டும்னு நிதானமாத் தட்டினேன். இன்னிக்குத்தான் என் வயிறு குளுந்துச்சு.”

“கண்ணுக்குக் கண்ணா?” என்றார் ஜெயபாலன்.

“இல்லீங்க. காதுக்குக் காது.”

“அப்படியே திறந்து போட்டுட்டு ஓடியிருக்கலாமே. எண்ணெய் வேற எதுக்கு?”

வீரமுத்து அவரை ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். “சரக்கு வண்டிக்குப் பின்னால மெயில் வண்டி வருங்களே. அதுல பொம்பளைங்க இருப்பாங்க.”

பிற்பகல் 3.55.

லெட்சுமணன் மூச்சிரைக்க ஓடிவந்தான். “தந்தி ஐயா, ஒரு தட்டும் கேக்கலையே! நான் செவிடாயிட்டேனா?” வீரமுத்துவின் கையில் விலங்கு பூட்டியிருந்ததைக் கண்டு ஓரமாக ஒதுங்கி நின்றான்.

கேட்டருகே போனபோது வெள்ளையம்மா வீரமுத்துவின் எதிரே வந்து நின்றாள்.

“என்னைத் தூக்குல போடப் பாத்தியேண்ணே.”

“உன்மேல பழி வரும்னு நெனைக்கலைம்மா. எல்லாரும் அவன் திமிருன்னுதான் சொல்லுவாங்கன்னு நெனைச்சேன். வந்தப்புறம் விடமுடியலை.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நல்லாத் தட்டினியா?” என்று கேட்டாள்.

“நல்லாத் தட்டினேன்.”

“அது போதும்,” என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தப் போனாள்.

வண்டி கேட்டில் நின்று அவர்களை ஏற்றிக்கொள்ள ஏற்பாடாகியிருந்தது. வீரமுத்து ஐயாத்துரையின் பக்கம் திரும்பினான்.

“ஐயா, போன வருசம் நீங்கதானே இங்கிலீசுல எழுதினீங்க, தட்டு வரலைன்னு?”

ஐயாத்துரை தொப்பியைக் கழற்றினார். “ஓம். நான்தான்.”

“இன்னிக்கி எழுதறப்ப அதையும் சேத்து எழுதிருங்க. தட்டு வந்துச்சுன்னு. இந்தப் பொம்பளையோட புருசன் பொய் சொல்லலை.”

மாலை 6.00.

ஐயாத்துரை நிலையத்தில் தன் மேசைமுன் உட்கார்ந்தார். கனகம்மா கொண்டுவந்து வைத்த சோறு ஆறிக் கிடந்தது. இன்றைய அறிக்கையை எழுதி முடித்தார். பிறகு போன வருடத்துக் கோப்பை அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்தார். தன் அழகான கையெழுத்தைத் தானே பார்க்க வெட்கமாக இருந்தது. ‘தட்டு வரவில்லை’ என்ற வரியின்மீது ஒரு கோடு இழுத்தார். பேனா மையில் நன்றாகத் தோய்ந்ததா என்று பார்த்துக்கொண்டு, அதன் கீழே தமிழிலேயே எழுதினார்.

தட்டு வந்தது. மண்டோர் கேட்டார். சொல்லவில்லை.

தேதி போட்டு, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.